புதுக் காடிக்கு மொட்டை டயரா?

வாசகர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையிலிருந்து தொடங்குவோம்.

சாஆ வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பட்டணத்துத் தாமான் வீட்டு வாசலில் மகனின் காடியைக் கழுவிக்கொண்டிருந்தார். வாங்கிப் பதினான்கு மாதமே ஆன புத்தம் புதுக் காடி. ஓடிய தூரம் 16,000 கிலோமீட்டர். முன்பணம் அம்மா கூட்டுக் கட்டிச் சேர்த்தது; மீதி ஒன்பது வருஷத் தவணை. அதனால் மகனைவிடத் தகப்பனாருக்குத்தான் அந்தக் காடி மீது கரிசனம் அதிகம். முன்சக்கரத்தின் உட்புறத்தில் படிந்திருந்த செம்மண்ணைத் துணியால் துடைத்தார். துணி எதிலோ சிக்கி இழுத்தது. முள்ளோ ஆணியோ என்று குனிந்து பார்த்தால், டயருக்குள்ளிருந்து மெல்லிய எஃகுக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது!

"தம்பி, இங்கே வந்து பார்" என்று மகனைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, டயர் நல்லாத்தானே இருக்கு? வரியெல்லாம் அப்படியே இருக்குதே" என்றார் மகன், நின்ற இடத்திலிருந்தே.

"நீ வெளிப்பக்கம் பார்க்கிறாய். உள்பக்கம் குனிந்து பார். பட்டை முழுக்கப் போய்க் கட்டை தெரியுது."

பால்மரம் வெட்டியவர் அல்லவா? பட்டையில் கத்தி ஒரு பக்கம் ஆழமாக இறங்கினால் மரம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். டயரும் அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. வெளிப்புறத்தில் வரிகள் புதிது போலவே இருந்தன. உட்புறத்தில் மூன்று விரல் அகலத்துக்கு மொட்டை. மலாய் நண்பர்கள் சொல்வது போல் 'போத்தாக்'. மறுநாள் விடிகாலை அதே டயரோடு மகன் யோங் பெங் டோல் வழியாக நெடுஞ்சாலை ஏறி, ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போகவிருந்தார். அந்த வாரம் முழுவதும் மழை. என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. "காடி புதுசு, டயரைப் பற்றி என்ன கவலை?" என்ற நினைப்பு நம்மில் பலருக்கும் உண்டு. ஆகவே, டயர் ஏன் ஒரு பக்கமாகத் தேய்கிறது, அதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, புதுக் காடியில் அப்படி நேர்ந்தால் யாரிடம் எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். குடும்பத்தில் காடி ஓட்டாதவர்களும் படிக்கலாம். அந்தக் காடியில் உட்கார்ந்து போகிறவர்கள் நீங்களும்தானே!

நம் கைபட்ட பொருள்

டயரைப் பற்றிப் பேச நமக்குத் தனி உரிமை உண்டு. 1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்க வந்தார். மரத்தைக் கொல்லாமல் தினம் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தவர் அவர். அங்கே டயர் பிறந்தது. இங்கே அதற்குப் பால் பிறந்தது. இரண்டையும் இணைத்தவை நம் பாட்டன் பாட்டிமாரின் கைகள்.

இன்று சாஆ, லாபிஸ் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை செம்பனைதான். ஆயினும் ஒவ்வொரு டயரிலும் இயற்கை ரப்பர் இன்னும் இருக்கிறது. காடி டயரைவிட லோரி டயரில் அதன் பங்கு அதிகம். செயற்கை ரப்பர், கருமைக்கும் உறுதிக்கும் கார்பன் கரி, உள்ளே துணி இழை, எஃகுக் கம்பிப் பட்டை ஆகியவை சேர்ந்ததுதான் டயர். அந்தப் பெரியவரின் துணியில் சிக்கியது அந்த எஃகுப் பட்டையின் கம்பியே. கம்பி வெளியே தெரிந்தால் அந்த டயர் செத்துவிட்டது என்று பொருள். கடைத்தெரு வரைக்கும்கூட அதில் போகக் கூடாது.

செருப்பைப் பாருங்கள், புரியும்

உங்கள் பழைய செருப்பைப் புரட்டிப் பாருங்கள். சிலருக்குக் குதிகாலின் வெளிப்புறம் தேய்ந்திருக்கும், சிலருக்கு உட்புறம். நடக்கும்போது பாதம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, திரும்புகிறதோ, அந்தப் பக்கம் தேயும். டயரும் காடியின் செருப்புத்தான். அது தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், காற்று அளவுக்கு மேல் அடித்திருக்கிறீர்கள். டயர் நடுவில் உப்பி, அந்தப் பகுதி மட்டும் தரையில் பட்டிருக்கிறது.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்று குறைவு. டயர் நடுவில் குழிந்து, ஓரங்களில் பாரம் ஏறியிருக்கிறது.

ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரங்களின் கோணம் சரியில்லை. இதைத்தான் 'அலைன்மென்ட் அவுட்' என்கிறார்கள்.

அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால், அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், அல்லது சக்கரத்தின் எடை சமமாக இல்லாமல் இருக்கலாம். எடையைச் சமப்படுத்துவதற்குத்தான் 'பேலன்சிங்' என்று பெயர். அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

அலைன்மென்ட் என்றால் என்ன? முக்கியமாக இரண்டு கோணங்கள் உண்டு. காடியின் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது 'கேம்பர்'. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் முன்முனைகளும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியுள்ளனவா, விலகியுள்ளனவா என்பது 'டோ'. காலின் கட்டைவிரல்களை உள்ளே திருப்பிக்கொண்டோ வெளியே திருப்பிக்கொண்டோ நடந்து பாருங்கள், டோ என்பது புரிந்துவிடும். டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் இந்த டோதான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு சக்கரம் நேராக இருக்க வேண்டிய நிலையிலிருந்து ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கர விளிம்பில் அளந்தால் அது ஒன்றேகால் மில்லிமீட்டர்கூட வராது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காடி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது அந்த டயர் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 16,000 கிலோமீட்டரில் 56 கிலோமீட்டர்! உங்கள் செருப்பை உரசிக்கொண்டே அத்தனை தூரம் போனால் என்ன மிஞ்சும்? டயரின் மேல்வரி புதிதாக இருக்கும்போதே ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழந்தான்.

சரி, புதுக் காடியில் இந்தக் கோணல் எங்கிருந்து வருகிறது? பல வழிகள் உண்டு. தொழிற்சாலையில் பொருத்தும்போதே சிறு பிசகு இருந்திருக்கலாம். ஸ்பிரிங்குகளும் ரப்பர் புஷ்களும் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு தம் இடத்தில் படிந்து அமர்வதால் கோணம் சற்று மாறலாம். எல்லாவற்றையும்விட அதிகமாக, நம் சாலைகள்! பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் யோங் பெங்கிலிருந்து சாஆ, லாபிஸ் வழியாகச் சிகாமட் வரை போகிறவர்களுக்குப் பாரம் ஏற்றிய லோரிகள் போட்டுவைத்த பள்ளங்கள் பழக்கமானவை. தோட்டத்துச் செம்மண் பாதையோ, மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். நீர் நிறைந்த குழியில் ஒரு தடவை 'தடால்' என்று சக்கரம் இறங்கினால் போதும். நேற்று வாங்கிய காடியானாலும் கோணம் மாறிவிடும்.

பட்டறையில் தெரிந்தது

நம் பெரியவரும் மகனும் அன்றைக்கே மாற்றுச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு, தெரிந்த பட்டறைக்கு மெதுவாகப் போனார்கள். மற்றொரு முன்டயரில் கம்பி தெரியாவிட்டாலும் அதுவும் உட்புறம் மொட்டைதான். பட்டறைக்காரர் அலைன்மென்ட் இயந்திரத்தில் காடியை ஏற்றினார். திரையில் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் சிவப்பு எழுத்து.

"அண்ணே, உடனே சரி பண்ணிடுங்க" என்றார் மகன் அவசரமாக.

"பொறு தம்பி. சரி செய்கிறதுக்கு முன்னால் இந்த அளவைத் தாளில் எடுத்துக்கொள். கம்பெனிக்காரனிடம் போய்க் கேட்கப் போகிறாய் அல்லவா? நான் முறுக்கிவிட்டால் அப்புறம் எதைக் காட்டுவாய்?" என்றார் பட்டறைக்காரர்.

வாசகர்களே, இந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையிலேயே விலைமதிப்புள்ள வார்த்தை. நல்ல பட்டறைக்காரர் கிடைப்பது நல்ல வைத்தியர் கிடைப்பது போல!

அந்தத் தாளோடு காடி விற்ற நிலையத்துக்குப் போனார்கள். முதலில் கிடைத்த பதில், "டயர் தேய்கிற பொருள், அதற்கு வாரண்டி கிடையாது" என்பது. இரண்டாவது பதில், "நீங்கள் குழியில் விட்டிருப்பீர்கள்." மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. தகப்பனார் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "டயரைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதல் சர்வீஸிலிருந்து எல்லா சர்வீஸும் இங்கேதான் செய்தோம். ஒரு தடவையாவது சக்கரத்தின் அளவைப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அந்தத் தாளைக் காட்டுங்கள்."

தாள் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், பையன் பக்கமும் குறை இருந்தது. பல மாதங்களாகக் காடி இடப்பக்கம் இழுப்பதை அவர் உணர்ந்திருந்தார். ஸ்டேரிங் சற்றுக் கோணலாக நிற்பதையும் பார்த்திருந்தார். 'புதுக் காடிதானே' என்று விட்டுவிட்டார். பெரிய குழி ஒன்றில் விட்டதும் நினைவுக்கு வந்தது. கடைசியில் நிலையத்தார் அலைன்மென்டை இலவசமாகச் சரிசெய்து, முன்சக்கர இணைப்புகளையும் சோதித்துக் கொடுத்தார்கள். இரண்டு டயர்களைப் பையன் தம் காசில் வாங்கினார். அந்த மாதத் தவணையோடு அதுவும் சேர்ந்து வீட்டுச் செலவு இறுகியது. ஆனால் ஆள் சேதம் இல்லை. அதைவிட வேறென்ன வேண்டும்?

வீட்டிலேயே ஐந்து நிமிஷச் சோதனை

மாதத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். சம்பள நாளையே வைத்துக்கொண்டால் மறக்காது.

முதலாவது, ஸ்டேரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி நிறுத்துங்கள். அப்போது முன்டயரின் உட்புறம் கண்ணுக்குத் தெரியும். பிறகு மறுபக்கம் திருப்பி மற்றதையும் பாருங்கள். பின்டயர்களுக்குக் கைத்தொலைபேசியின் விளக்கைப் போட்டு, குனிந்து பார்க்க வேண்டும். அல்லது தொலைபேசியைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிப் படம் எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, கம்பி ஏதும் நீட்டவில்லை என்று கண்ணால் உறுதி செய்துகொண்டு, உள்ளங்கையை டயரின் மேல் உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவுங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழவழப்பாகவும், மறுபக்கம் ரம்பப் பல் போலவும் இருந்தால் டோ சரியில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். மேல்வரி தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நடுவில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்திலும் பாருங்கள்.

நான்காவது, காற்று. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் அச்சிட்டிருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பத்து டிகிரி சூடு ஏறினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். நெடுந்தூரம் ஓடி வந்த டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அது குறைவாக இருக்கும். குடும்பம் முழுவதும் ஏறி, மூட்டை முடிச்சுகளோடு பத்துமலைக்குப் போகிறீர்களா? முழுப் பாரத்துக்கு உரிய அளவும் அதே ஒட்டுத்தாளில் இருக்கும். மாற்றுச் சக்கரத்தையும் மறவாதீர்கள்.

காற்று விஷயத்தில் அசட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்த டயர்கள் அவை. ஓடும்போதே மேல்பட்டை உரிந்து, வண்டிகள் புரண்டன. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கில் 271 உயிர்கள் போயின. டயரின் குறை ஒருபுறமிருக்க, வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்ட 26 பிஎஸ்ஐ காற்று குறைவு என்ற வாதமும் பெரிதாக எழுந்தது. காற்று குறைந்தால் டயர் அதிகம் மடங்கும், மடங்கினால் சூடேறும், சூடேறினால் ஒட்டு விடும். அதன் பிறகுதான் அங்கே காற்று குறைந்தால் விளக்கு எரிந்து எச்சரிக்கும் கருவியைச் சட்டத்தால் கட்டாயமாக்கினார்கள்.

இடம் மாற்றினால் ஆயுள் கூடும்

இன்றைய சிறிய காடிகளில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. இழுப்பது, திரும்புவது, பிரேக் போடும்போது பாரம் தாங்குவது எல்லாம் முன்டயர்களே. ஆகவே அவை சீக்கிரம் தேயும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றிப் பூட்டுவது நல்லது. முன்னால் உள்ளவை நேராகப் பின்னுக்கும், பின்னால் உள்ளவை குறுக்காக முன்னுக்கும் போகும். ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயராக இருந்தால் குறுக்கே மாற்றக் கூடாது.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றை எங்கே பூட்டுவது? பலரும் முன்னால் என்பார்கள். டயர் தயாரிப்பாளர்கள் பின்னால் பூட்டச் சொல்கிறார்கள். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுகிறவருக்கு ஸ்டேரிங்கில் தெரிந்துவிடும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் காடி சுழன்றுவிடும். 2023 மார்ச்சில் சிகாமட் மாவட்டம் வெள்ளத்தில் தவித்ததை நாம் மறக்கவில்லை. அந்த அளவு வெள்ளம் வேண்டாம். சாலையில் சிறிது நீர் நின்றாலே போதும். நீரைப் பிளந்து தள்ள வேண்டிய பள்ளங்கள் இல்லாத டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது பிரேக்கும் கேட்காது, ஸ்டேரிங்கும் கேட்காது.

விலை மலிவு என்று பழைய டயர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 1523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 15-ஆம் வாரத்தில் செய்தது. அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கேட்கிற முறையில் கேளுங்கள்

காடி எடுத்த நாளன்றே வாரண்டிப் புத்தகத்தைப் படியுங்கள். டயருக்கான பொறுப்பைப் பெரும்பாலும் டயர் கம்பெனி தனியாக ஏற்கும். அலைன்மென்டை எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாகச் சரிசெய்வார்கள் என்பதையும் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சர்வீஸிலேயே சக்கர அளவைப் பார்க்கச் சொல்லி, அதன் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். காடி ஒரு பக்கம் இழுத்தாலும், ஸ்டேரிங் கோணலாக நின்றாலும், பெரிய குழியில் விழுந்தாலும், புது டயர் பூட்டினாலும் மறுபடி பாருங்கள்.

டயர் ஒரு பக்கம் தேய்ந்திருப்பது தெரிந்தால், டயரையும் கிலோமீட்டர் காட்டும் கருவியையும் படம் எடுங்கள். சரிசெய்வதற்கு முன் உள்ள அளவு, பின் உள்ள அளவு இரண்டையும் தாளில் வாங்குங்கள். வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். விஷயம் முடியும் வரை பழைய டயரை வீசிவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி.

அப்படியும் நியாயம் கிடைக்கவில்லையா? 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு இருக்கிறது. விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட இடமில்லை, நீங்களே பேசலாம். ஆனால் மன்றம் கண்ணீரைப் பார்க்காது, தாளைத்தான் பார்க்கும். அதனால்தான் தாளைச் சேர்த்து வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அந்தப் பெரியவர் இப்போதும் ஞாயிறுதோறும் காடியைக் கழுவுகிறார். கழுவும்போது நான்கு டயர்களின் உட்புறத்தையும் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். "எத்தனையோ மரத்துப் பட்டையைத் தடவின கை, நாலு சக்கரத்தைத் தடவுவது ஒரு சிரமமா?" என்பது அவர் பேச்சு.

ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். அந்த நான்கு உள்ளங்கைகளின் மேல்தான் உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து போகிறார்கள். இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்ததும் வாசலுக்குப் போய், ஸ்டேரிங்கைத் திருப்பி, ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு வாருங்களேன்!